கப்பல்காரர் பெண்டாட்டி வாங்கிய வீடு

முப்பது வருஷம் கப்பல்காரருக்குப் பெண்டாட்டியாக இருந்தவள் கடலைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்றால் யார் நம்புவார்கள்? மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளோடு வேலை பார்த்தவர்களே நம்பவில்லை.

"சும்மா சொல்லாதீங்கக்கா. உங்க வீட்டுக்காரர் கடல்லயே குடித்தனம் நடத்தறவரு."

"அவரு அங்க குடித்தனம், நான் இங்க தனிக்குடித்தனம்" என்பாள் அவள், கண்ணாடிக் காம்பின் கடுகளவு திருகாணியை முறுக்கிக்கொண்டே.

கடையில் அவளுக்குப் பவர் அக்கா என்று பெயர். உள்ளே வருகிற யாரிடமும் அவள் முதலில் கேட்பது "பவர் பாத்து எவ்வளவு நாளாச்சு?" என்றுதான். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். ஆனால் கடை முதலாளி அதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார். "இந்த ஃப்ரேம் உங்க முகத்துக்கு எடுக்கல" என்று அவள் சொல்லிவிட்டால், அதையே வாங்கிக்கொண்டு வெளியே போகிற தைரியம் அந்த ஊரில் யாருக்கும் வந்ததில்லை. முதலாளிக்கே வந்ததில்லை. அவர் மூக்கில் இருந்த கண்ணாடியும் அவள் தேர்ந்தெடுத்ததுதான்.

அவர்கள் இருந்தது கடலிலிருந்து அரை நாள் ரயில் தூரத்தில், உள்ளே தள்ளியிருந்த ஒரு ஊர். இரண்டாம் மாடியில் வாடகை வீடு. கணவர் சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் ஃபிட்டர். கல்யாணமான புதிதில் இரண்டொரு தடவை அவரை வழியனுப்பத் துறைமுகம் வரைக்கும் போயிருக்கிறாள். துறைமுகத்துக்குப் போனால் கடல் தெரியும் என்று நினைப்பவர்கள் துறைமுகத்துக்குப் போகாதவர்கள். அங்கே தெரிவது மதில், இரும்புக் கேட், வரிசையில் நிற்கும் லாரிகள், ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி வைத்த இரும்புப் பெட்டிகள். "இதுக்கு மேல வரக்கூடாதும்மா" என்று காவலாளி கையை நீட்டுவார். கணவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே போய் மறைவார். காற்றில் மட்டும் கொஞ்சம் உப்பு வாசனை. அவ்வளவுதான் அவள் பார்த்த கடல்.

அப்புறம் மகள் பிறந்தாள். மாமியார் படுக்கையில் விழுந்தாள். வேலையும் வீடுமாக வருஷங்கள் ஓடின. அவர் லீவில் வரும்போதெல்லாம் கேட்டுப் பார்ப்பாள்.

"ஒரே ஒரு தடவ பீச்சுக்குப் போய்ட்டு வரலாமாங்க?"

"ஹோட்டல்ல சமைக்கறவன லீவு நாள்ல ஹோட்டலுக்குக் கூப்பிடுவியா?"

நியாயமாகத்தான் பட்டது. தனியாகவே போயிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவர் இல்லாமல் கடலைப் பார்க்கப் போவது, ஒருவர் ஊரில் இல்லாதபோது அவர் ஆபீசுக்குள் நுழைவது மாதிரி அவளுக்குத் தோன்றியது. கேட்டுக் கேட்டு வாய் அலுத்து, கேட்பதை விட்டாள். விட்டாளே தவிர, ஆசையை விடவில்லை.

அவர் ஓய்வு பெற்று ஒரேயடியாக வீடு வந்து சேர்ந்தபோது, சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிடுவது என்ற பழைய பேச்சு மறுபடி தலைதூக்கியது. கணவரும் கொழுந்தனும் ஒரே கட்சி. ஊருக்குள் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தைக் கொழுந்தன் பார்த்து வைத்திருந்தான். லிஃப்ட் உண்டு, கீழேயே மளிகைக் கடை.

"பக்கத்துலயே ஆஸ்பத்திரி அண்ணி. அவசரம்னா உடனே போயிடலாம்."

"போறதுக்கா தம்பி வீடு வாங்கறோம்? இருக்கறதுக்குத்தானே வாங்கறோம்!"

அதன் இன்னொரு அர்த்தம் கொழுந்தனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். பேச்சு அத்தோடு நின்றது.

அந்தச் சமயத்தில்தான் கடை முதலாளி அவளைக் கண் பரிசோதனை வேனில் அனுப்பினார். அவருக்குத் தெரிந்த ஒரு கட்டட நிறுவனம் கடலோரத்தில் புதிதாக வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இலவசமாகக் கண் பார்த்துக் கண்ணாடி கொடுக்க ஏற்பாடு. கடற்கரையோரம் வரிசை வரிசையாக மாடி வீடுகள். சிலதுக்கு வர்ணம் அடித்தாயிற்று, சிலதுக்குக் கூரையே இல்லை. தெருவுக்கு இன்னும் தார் போடவில்லை. சிமெண்ட் தூசியில் கண் சிவந்த வெல்டர்களும் கொத்தனார்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்தார்கள். மதியம்வரை அவளுக்குத் தலை நிமிர நேரமில்லை. முன் வரிசை வீடுகள் சுவர்போல மறைத்து நின்றதால் கடல் இருக்கிற திசைகூடப் பிடிபடவில்லை. சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்டாள். "முன் வரிசையில கடைசி வீட்டு மாடியில தண்ணி வருதும்மா" என்றார் ஒரு கொத்தனார். கைப்பிடி வைக்காத படிகளில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே முன்னறையில் ஜன்னல் இன்னும் பொருத்தவில்லை. செங்கல் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு சதுர ஓட்டை.

கடல் கீழே, தரையோடு தரையாகக் கிடக்கும் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அது அப்படி இல்லை. அவள் கண் மட்டத்துக்கு எழுந்து நின்றது. சுவரின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு கோடு. அதற்குக் கீழே முழுக்க அசைவு. பக்கத்தில் பழுப்பு, தள்ளிப் பச்சை, இன்னும் தள்ளி அவளிடம் பெயரில்லாத ஒரு நிறம். எந்தக் காரியத்துக்காக மாடி ஏறினாள் என்பதே மறந்துபோனது. கீழே வேன் டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தபோதுதான் திரும்பினாள்.

நேராக விற்பனை அலுவலகத்துக்குப் போனாள். தகரக் கொட்டகைதான், உள்ளே ஏசி. விற்பனைப் பெண் வாயாலேயே பந்தல் போட்டாள்: பூங்கா வரும், நடைபாதை வரும், பஸ் வரும், கடைவீதி வரும்.

"வர்றதெல்லாம் வரட்டும். வந்து நிக்கறது எது?"

"கடல்தான் மேடம்" என்று அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அதிலிருந்து அவளிடம் நேராகவே பேசினாள். "நீங்க ஓனர் சாரையும் கூட்டிட்டு வந்தா எல்லாத்தையும் விவரமா காட்டறேன்."

"ஓனர் நான்தான். அந்தக் கடைசி வீடு யாருக்காவது போயிடுச்சா?"

போகவில்லை. கடைசி வீடென்பதால் காற்று அதிகம் என்று வந்தவர்கள் தயங்கினார்களாம்.

அன்றிரவே வீட்டில் சொன்னாள். கணவர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

"வேணாம்."

"ஏன்னு சொல்லுங்க."

"உப்புக் காத்து. நட்டு, போல்ட்டு, கதவு, கீல், எல்லாத்தையும் தின்னுடும். மழை மேலேருந்து வராது, பக்கவாட்டுல வரும். வயர்ல ஈரம் ஏறும். சுவத்துல பூஞ்சை பிடிக்கும். மணல வாரிக் கொட்டியே உன் ஆயுசு முடிஞ்சிடும்."

"இரும்பு துருப்பிடிச்சா மாத்திக்கலாங்க. எனக்கு வயசு துருப்பிடிச்சிட்டே இருக்கு. அத மாத்த முடியாதே."

"நான் பாக்காத கடலா?"

"நீங்க பாத்தீங்க. நான் பாக்கலியே."

அப்போதும் அவர் மனசு மாறவில்லை. "நீ வாங்கறதுன்னா வாங்கு. நான் அங்க வந்து இருக்க மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது.

கொழுந்தன் ஓடி வந்தான். "ஆழம் தெரியாம கால விடாதீங்க அண்ணி."

"நான் விடப்போறது கரையில தம்பி. ஆழத்துக்கெல்லாம் உங்க அண்ணன்தான் போய்ட்டு வந்தாரு."

வெளியூரில் வேலையிலிருந்த மகள் போனில் மெதுவாக எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். "அப்பா மனசு மாறட்டும்மா. எல்லாம் ஒத்து வரட்டும். அடுத்த வருஷம் பாக்கலாமே."

"அலை எப்போ ஓயறது, நான் எப்போ தல முழுகறது?" என்று கேட்டாள் தாய். அதோடு மகள் கட்சி மாறிவிட்டாள்.

அம்மா வழியில் வந்த ஒரு துண்டு நிலத்தை விற்ற பணமும் தன் சம்பளச் சேமிப்பும் அவளுக்கு இருந்தன. கணவரின் ஓய்வுப் பணத்தை அவள் தொடவில்லை. "அது உங்க உழைப்பு. உங்க தம்பி காட்டின வீட்ட வேணும்னா வாங்கிக்கோங்க" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னாள். அவர் வாங்கவில்லை. பழைய வாடகை வீட்டிலேயே இருந்துகொண்டார்.

வீடு அவள் பெயரில் பதிவானது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் என்று உறவில் பேசிக்கொண்டார்கள். அவள் காதில் விழாமலில்லை. ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவள் அல்ல. வேண்டாம் என்பதற்குக் கணவர் சொன்ன காரணங்களை ஒன்றுவிடாமல் மனசில் வாங்கியிருந்தாள். அவருக்கு அவை மறுப்பு. அவளுக்கு அவை, எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்ற யோசனைகள். மாதம் ஒரு முறை ரயிலேறிப் போய், கதவு, கீல், வயர், சுவர் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பாள். தூரத்தில் அவள் தலை தெரிந்ததுமே சைட் இன்ஜினியர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொள்வார்.

சொன்ன தேதியில் வீடு தயாராகவில்லை. அதற்கு அடுத்த தேதியிலும் இல்லை. ஒருவழியாகச் சாவி வாங்க அழைத்தபோது, விற்பனைப் பெண் ரிப்பன் கட்டிய சாவியோடு வாசலில் நின்றாள். பவர் அக்கா சாவியை வாங்காமல் நேரே மாடிக்குப் போனாள். ஒரு வாளி தண்ணீர் பிடித்து, பால்கனிப் பக்கம் நின்று, கதவின் அடிக்கட்டை மேல் வீசி அடித்தாள். தண்ணீர் கதவுக்கு அடியில் நுழைந்து, புதுத் தரையில் நிதானமாக நடந்து, அறையின் நடுவில் போய் நின்றது.

"எல்லா வீட்லயும் இப்படித்தாம்மா" என்றார் சைட் இன்ஜினியர். "டிசைனே அப்படி. ஹெட் ஆபீஸ்ல முடிவு பண்ணினது."

"அப்போ ஹெட் ஆபீஸ் சாவிய வெச்சுக்கட்டும்."

"கையெழுத்துப் போட்டுடுங்க. பின்னாடி சரி பண்ணித் தர்றோம்."

"கண்ணாடிய மாட்டிவிட்டுட்டு, பவர் பின்னாடி போட்டுத் தர்றேன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லங்க."

அன்று சாவி வாங்கவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அலுவலகக் கொட்டகை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சத்தம் போடவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள், "என்னம்மா, வீடெல்லாம் எப்படி?" என்று கேட்டால், "வீடு நல்லா இருக்கு. பால்கனிக் கதவுல மட்டும் தண்ணி வருது. சரி பண்ணறாங்க, அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்" என்று உள்ளதை உள்ளபடி சொல்வாள். அந்த வார முடிவிலேயே கொத்தனார் வந்து அடிக்கட்டையை உயர்த்திப் பூசிவிட்டுப் போனார். எல்லாவற்றிலும் அவள் ஜெயித்ததாக நினைக்க வேண்டாம். படத்தில் அகலமாக இருந்த சமையலறை ஜன்னல் கட்டி முடித்தபோது பாதியாகியிருந்தது. அதற்கு எவ்வளவு சொல்லியும் பலிக்கவில்லை. சுவரை இடிக்க வேண்டும் என்றார்கள். "சரி, சமைக்கும்போது அடுப்பப் பாத்தாப் போதும்" என்று அதை மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கினாள்.

கடையில் விடை பெற்றுக்கொண்டாள். சாமான் ஏற்றுகிற அன்று கணவர் விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டார். பீங்கான் தட்டு ஒவ்வொன்றையும் துணியில் சுற்றினார். லாரியில் அலமாரியை எங்கே வைப்பது, கட்டிலை எப்படிச் சாய்ப்பது என்று தானே நின்று பார்த்து, கயிறு கட்டினார். கப்பல்காரர் முடிச்சு, லாரி குட்டிக்கரணம் போட்டாலும் ஒரு கரண்டி நகராது. அவ்வளவும் செய்தாரே, 'நானும் வரேன்' என்ற ஒரு சொல் அவர் வாயில் வருமா என்று அவள் கடைசி நொடிவரை பார்த்தாள். வரவில்லை.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றார்.

முப்பது வருஷமாக அவள் அவரிடம் சொன்ன வார்த்தை அது. டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகு, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவோமோ என்று பயம்.

புதுவீட்டில் முதல் சில வாரங்கள் அவள் நினைத்ததுபோல் இல்லை. வீடு வாங்கியவர்களில் பாதிப் பேர் விடுமுறைக்கு மட்டும் வருகிறவர்கள். வாரக் கடைசியில் தெரு நிறையக் கார்; திங்கட்கிழமை பார்த்தால் நாய்கூட இல்லை. மணல் படுக்கையில் வந்தது, செருப்பில் வந்தது, மிளகு டப்பாவுக்குள் எப்படி வந்தது என்பது அவளுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. வருவதாகச் சொன்ன பஸ் வரவில்லை. காய்கறிக்கு மெயின் ரோடுவரை நடக்க வேண்டியிருந்தது. நிரந்தரமாகக் குடியிருந்தவர்களில் பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி. இவள் வந்த இரண்டாம் நாளே உடைந்த மூக்குக்கண்ணாடியோடு வந்து நின்றாள். "சிஸ்டர், பவர் பாத்து எவ்வளவு நாளாச்சு?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாள் இவள். சிநேகம் அங்கே ஆரம்பித்தது. பெயரும் இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

காலையில் எழுந்ததும் நேரே தண்ணீருக்குப் போவாள். முதல் நாள் நுரை காலைத் தொட்டதும் கத்திவிட்டாள். பிறகு கணுக்கால்வரை, பிறகு முழங்கால்வரை. அலை திரும்பும்போது பாதத்துக்கு அடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போகும். பொம்பளை ஒருத்தி தன்னந்தனியாக நின்று சிரிக்கிறாளே என்று பார்க்க அங்கே யாரும் கிடையாது. 'இதுக்குத்தான் வந்தேன், இதுக்குத்தான் வந்தேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். சில நாள் அது மகிழ்ச்சியாக இருக்கும். சில நாள் தன்னைத்தானே தேற்றிக்கொள்வதாக இருக்கும். எப்படி இருந்தாலும் போகாமல் இருக்க மாட்டாள்.

தினமும் போன் உண்டு.

"சாப்ட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"தம்பி வீட்ல. கீல்ல எண்ணெய் விட்டியா?"

"விட்டேன்."

காற்றுக்காலம் வந்தது. ஒரு நாள் மாலையில் வானம் கறுத்து, கடல் குமுற ஆரம்பித்தது. மழை கணவர் சொன்னது போலவே பக்கவாட்டில் வந்து பால்கனிக் கதவில் மோதியது. அடிக்கட்டை தாங்கியது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பயமும் பெருமையுமாக அவரைக் கூப்பிட்டாள்.

"கேளுங்க, எப்படி அடிக்குது பாருங்க! சொட்டுத் தண்ணி வரல!" என்று போனைக் கதவுப் பக்கம் நீட்டினாள்.

மறுபக்கத்தில் பேச்சே இல்லை. "என்னங்க? கேக்குதா?" என்றாள். இணைப்பு அறுந்துபோனது. மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. காற்றில் டவர் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம், மழை விட்டிருந்த நேரம், பின்பக்கத் தெருக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் அவர். தோளில் பழைய கப்பல் பை, கையில் ஸ்பேனர் பெட்டி. ராத்திரி ரயிலேறி வந்திருக்கிறார். முகம் தூக்கமில்லாமல் தொங்கிப்போயிருந்தது.

"வீடு நிக்குதா?" என்றார்.

"பாத்தா தெரியல?"

உள்ளே வந்தார். முன்னறைக்குப் போகவில்லை. ரோட்டைப் பார்த்த பின்னறையில், இன்னும் பிரிக்காத ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். முன்பக்கமிருந்து வந்த கடல் சத்தத்துக்கு அவர் தோள் ஒருமுறை குலுங்கியதை அவள் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றை அவரிடம் பார்த்ததில்லை.

"உண்மையச் சொல்லுங்க. துருப்பிடிக்கும்னா வரமாட்டேன்னீங்க?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எஞ்சின் ரூம்ல கடல் தெரியாது. சத்தமும் கேக்காது. எஞ்சின் ஓடற சத்தந்தான். ஒரு தடவ புயல்ல எஞ்சின் நின்னுபோச்சு. லைட்டும் போச்சு. அப்பத்தான் மொத மொதல்ல கடல் சத்தம் கேட்டேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ தோளால இடிக்கற மாதிரி. திரும்பத் திரும்ப. நாங்க அஞ்சாறு பேரு டார்ச் வெச்சிட்டு வேல செஞ்சோம். ஆயில் போடறவரு, மேல என்ன நெலமைன்னு பாத்துட்டு வரேன்னு ஏணில ஏறினாரு." நிறுத்தினார். "வரல."

"எப்போ நடந்துச்சு?"

"நம்ம பொண்ணு ஸ்கூல்ல சேந்த வருஷம்."

அந்த வருஷம் அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. பெரிய பொம்மை ஒன்றும் மகளுக்குச் சிவப்புச் சட்டையும் வாங்கிக்கொண்டு, வாசலிலேயே சிரித்தபடி வந்தார். லீவு முழுக்கச் சிரிப்பும் விளையாட்டுந்தான். தூக்கத்தில் மட்டும் பல்லைக் கடித்தார். அவள் அதைக் கேட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தூங்குவியா? நான் திரும்பிக் கப்பல் ஏறணும்ல."

அவளுக்குக் கோபந்தான் முதலில் வந்தது. இத்தனை காலம் இதை ஒளித்து வைத்தாரே என்று கோபம். அதற்குப் பின்னால் வேறு என்னென்னவோ வந்தது. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அந்தச் சின்ன ஜன்னலுக்கு முன்னால் நின்று, டீ கொதித்துப் பொங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இதுக்காக நீ வீட்ட விக்கணும்னு இல்ல" என்றார் அவர்.

"விக்கப்போறேன்னு யாரு சொன்னா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"கேட்டுக்கோங்க" என்றாள் அவள். "நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வேற வீடு வாங்கியிருப்பேன்னு நெனைக்காதீங்க. இதே வீட்டத்தான் வாங்கியிருப்பேன். ஆனா உங்களத் தனியா அங்க விட்டுட்டு வந்திருக்க மாட்டேன். இந்தப் பின்னறைச் சுவத்த இன்னும் தடியா கட்டச் சொல்லி, அதுக்கும் நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன்."

அன்றே திரும்பிவிடுவார் என்று நினைத்தாள். கீல்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் இருந்தார். மோட்டார் சத்தம் சரியில்லை என்று இன்னொரு நாள். மூன்றாவது நாள் மெயின் ரோடு பழைய சாமான் கடையிலிருந்து ஆளுயர மின்விசிறி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பிரித்துத் துடைத்துப் பூட்டி, பின்னறையில் ஓடவிட்டார். அது ஓடினால் பக்கத்தில் பேசுவது காதில் விழாது.

"இதென்னங்க, வீட்டுக்குள்ள லாரி ஓடற மாதிரி?"

"எஞ்சின் ஓடினாத் தூக்கம் வரும்" என்றார். அன்று மதியம் கட்டாந்தரையில் படுத்து, பொழுது சாயும்வரை தூங்கினார்.

அப்படித்தான் ஏற்பாடு அமைந்தது. பேசி முடிவெடுத்தது அல்ல, கொஞ்சங்கொஞ்சமாகப் பழகிப்போனது. முதலில் வந்து வந்து போனார். பிறகு வாடகை வீட்டைக் காலி செய்தார். பின்னறை அவருடையது, ரோடு, காய்கறி வண்டி, தபால்காரர், போகிற வருகிற ஆட்கள் எல்லாம் அவருக்கு. முன்னறை அவளுடையது, ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவாள். சாப்பாடு நடுவில், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்.

பக்கத்து வீட்டு நர்ஸுக்கு மண்டை வெடித்தது. "என்ன பவர் அக்கா, ஆளுக்கொரு ரூமா? சண்டையா?"

"சண்டையில்ல சிஸ்டர், பாகப்பிரிவினை. அவருக்கு ரோடு, எனக்குக் கடல்."

கொழுந்தன் குடும்பத்தோடு பார்க்க வந்தான். ஒரு நாள் தங்குவதாகச் சொன்னவன் முன்னறையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "என்ன இருந்தாலும் அண்ணி, ஆஸ்பத்திரிதான் தூரம்" என்றான். "உன்ன யாரு இப்போ போகச் சொன்னா?" என்று இந்தத் தடவை உள்ளேயிருந்து கேட்டவர் அவன் அண்ணன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. காற்றுக்காலத்தில் கடல் குமுறும் வாரங்களில் அவர் பையை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விடுவார். அவள் தடுப்பதில்லை, கூடப் போவதும் இல்லை. "போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்க" என்று மட்டும் சொல்வாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நர்ஸைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு, அந்த நாட்களை அவர் இல்லாமலே கழிப்பாள். தான் கேட்டு வாங்கிய வாழ்க்கையில் இதுவும் சேர்த்திதான் என்று அவளுக்குத் தெரியும். அவரை மாற்ற வேண்டும் என்று அவள் இந்த வீட்டை வாங்கவில்லை. அவருக்காகத் தன்னை மாற்றிக்கொள்வதாகவும் இல்லை.

மழை ஓய்ந்த பிறகு, ஒரு காலையில் அவள் வழக்கம்போலத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். யாரோ கூப்பிடுவது போலிருந்தது. திரும்பினாள். நடைபாதையின் கல் முடிந்து மணல் ஆரம்பிக்கிற இடத்தில் கணவர் நின்றிருந்தார். அதுவரை அவர் வீட்டின் முன்பக்கத்துக்கே வந்ததில்லை. கடலைப் பார்க்கவில்லை, அவளை மட்டும் பார்த்தார். ஏதோ கத்தினார், அலையில் கேட்கவில்லை. அவள் பாதித் தூரம் நடந்து வந்தாள்.

"என்னங்க?"

"தண்ணி எப்படி இருக்குன்னு கேட்டேன். சூடா, குளிரா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எஞ்சினக் குளிர வைக்கக் குழாய்ல வர்ற கடல் தண்ணியோட சூடு தெரியும். டிகிரி கணக்குல சொல்லுவேன்" என்றார் அவர். "கால வெச்சதில்ல."

முப்பது வருஷம் கடலில் இருந்தவர். அவள் சிரிக்கவில்லை.

"வந்துதான் பாருங்களேன்."

அவர் மணலைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். ஒரு காலை எடுத்து மணலில் வைத்து, பாரம் தாங்குமா என்று சோதிப்பவர்போல அழுத்தினார். பிறகு எடுத்துக் கல்லின் மேலேயே வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு வேணாம்."

"சரி. குளிராத்தான் இருக்கு. நின்னுட்டே இருந்தா பழகிடும்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பித் தண்ணீரை நோக்கி நடந்தாள்.